தமிழுக்கு ஓர் 'இல்', ஆங்கிலத்துக்கு மூன்று

யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன், ஆஸ்பத்திரி வீதியில் இருக்கிறேன், சந்தியில் நிற்கிறேன். நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் இவை முறையே இன், ஒன், அற். வீதிக்குப் பிரித்தானியர் இன் போடுவதும் உண்டு.

முதலில் நேரம், இது சுலபம். நீண்ட காலம் நின்றுபோயிருந்த ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது இன் 2014. மாதத்தைச் சொன்னாலும் இன் ஒக்ரோபர். திகதி சேர்ந்தால் ஒன் ஒக்ரோபர் 13. கிழமைக்கும் ஒன், மணிக்கு அற்.

அடுத்தது வாகனம். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில் என்றால் ஒன். ஏறி உட்கார மட்டும் முடிகிற கார், ஓட்டோ என்றால் இன்.

சரி, இனி என்னை மாதக்கணக்காக அலைக்கழித்த இடம். வேலை கேட்டு நான் எழுதிய கடிதத்தை ஓர் அக்கா திருத்தித் தந்தார். ஒரே பக்கத்தில் மூன்று 'அபவுட்' சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. மூன்றும் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால். 'அதைப் பற்றிக் கலந்துபேசினோம்' என்று மனதில் ஓடியதால் அந்தப் 'பற்றி'யையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். டிஸ்கஸ் என்றாலே 'பற்றிப் பேசு' என்றுதான் பொருள். 'யாழ்ப்பாணத்துக்கு' என்பதில் வரும் 'கு'தான் 'ரீச் டு' என்று எழுத வைக்கிறது. அங்கே டு தேவையே இல்லை. 'அவரோடு கல்யாணம்' என்பதிலுள்ள 'ஓடு' நம்மை 'மரீட் வித்' என்று சொல்ல வைக்கிறது. சரியானது 'மரீட் டு'.

ஆகவே வேற்றுமை உருபை மொழிபெயர்க்காதீர்கள். ஒரு கொப்பி எடுத்து, ஒரு சொல்லையும் அதன் பின்னால் வரும் துணைச்சொல்லையும் ஒரே சொல்லாக எழுதுங்கள்: வெயிற்ஃபோர், லிஸன்டு, டிப்பென்ட்ஒன், குட்அற். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு விஷயத்தில் ஒரு வசனம் எழுதினால் மறக்காது. கைத்தொலைபேசி மொழிபெயர்ப்புச் செயலியை இதற்கு நம்ப மாட்டேன். விடையைத் தரும், காரணத்தைத் தராது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் உதாரண வசனங்களைப் பாருங்கள், அங்கே துணைச்சொல் கண்ணெதிரே நிற்கும்.

பின்சேர்க்கை: மோட்டார் சைக்கிளுக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்தான், அதன் மேலேதானே உட்காருகிறோம். 'அரைவ்' பற்றியும் கேள்வி வந்தது. ஊருக்கு 'அரைவ் இன்', ஸ்ரேஷனுக்கு 'அரைவ் அற்'. 'அரைவ் டு' எங்கேயும் வராது.