'இல்' எங்கே ஒட்டுகிறது? இருவழி அட்டவணையைப் படிக்கும் வழி

ஒரு கூட்டத்தை இரண்டு விதமாகப் பிரித்து, ஒன்றைக் கிடைவரிசையிலும் இன்னொன்றை நெடுவரிசையிலும் எண்ணிக் காட்டும் இருவழி அட்டவணையைப் பல வருடம் நான் தப்பாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு போடுவதில் தகராறு இல்லை. எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் சறுக்குவேன். ஒருநாள் வகுப்பில் டைட்டானிக் அட்டவணையைப் போட்டுவிட்டு, "பிழைத்தவர்களில் கப்பல் ஊழியர்கள்தான் அதிகம். அவர்கள் முதலில் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். முதல் வாக்கியம் சரி. இரண்டாவது அபாண்டம்.

1912 ஏப்ரலில் மூழ்கிய அந்தக் கப்பலின் எண்ணிக்கைகள் மூலத்துக்கு மூலம் கொஞ்சம் மாறும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு சேர்ந்தே வரும் தரவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

| | பிழைத்தோர் | இறந்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர்கள் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1490 | 2201 |

வேறு எதுவும் செய்வதற்கு முன் ஓரத்து மொத்தங்களைக் கூட்டிச் சரிபாருங்கள். கீழிருந்து கூட்டினாலும் பக்கவாட்டில் கூட்டினாலும் 2201 வரவேண்டும்.

இப்போது 212 என்ற ஒரே கட்டத்தை எடுத்துக்கொள்வோம். சார்பு நிகழ்வெண் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு எண் இன்னொன்றில் எத்தனை பங்கு என்பதுதான். ஆனால் இந்த 212-க்கு மூன்று பங்குகள் உண்டு. 2201-ஆல் வகுத்தால் 9.6 சதவீதம்: கப்பலில் இருந்த எல்லோரிலும், ஊழியராகவும் இருந்து பிழைக்கவும் செய்தவர்கள். நிரலின், அதாவது நெடுவரிசையின், மொத்தமான 711-ஆல் வகுத்தால் 29.8. நிரையின், அதாவது கிடைவரிசையின், மொத்தமான 885-ஆல் வகுத்தால் 24.0.

எதை எப்போது எடுப்பது? இதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'இல்' எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ, அதன் மொத்தம்தான் பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, போகும். "பிழைத்தவர்களில் ஊழியர்கள் எத்தனை பங்கு?" என்றால் கீழே 711. "ஊழியர்களில் பிழைத்தவர்கள் எத்தனை பங்கு?" என்றால் கீழே 885. நிரையா நிரலா என்று குழம்பும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் செய்த தப்பும் இதில் தெரிந்துவிடும். பிழைத்தவர்களில் ஊழியர்கள் 29.8 சதவீதம், நான்கு குழுக்களில் அதுதான் பெரியது. காரணம், கப்பலில் அவர்களே அதிகம் இருந்தார்கள். யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்த மொத்தத்தால் வகுக்கவேண்டும்: முதல் வகுப்பு 62.5, இரண்டாம் வகுப்பு 41.4, மூன்றாம் வகுப்பு 25.2, ஊழியர்கள் 24.0. நான் பழி போட்டவர்கள் கடைசியில் நிற்கிறார்கள்!

வகுப்புக்கும் பிழைத்ததற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கவும் இந்த நிரைப் பங்குகளே போதும். தொடர்பே இல்லையென்றால் நான்கும் மொத்தக் கப்பலின் பங்கான 32.3-ஐ ஒட்டி இருந்திருக்கும். முதல் வகுப்பில் சுமார் 105 பேர் பிழைத்திருப்பார்கள். பிழைத்தது 203 பேர்.

சரி, அப்போது மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு ஊழியர்களைவிடக் கொஞ்சம் நல்ல வாய்ப்பு இருந்ததா? 25.2, 24.0 என்ற எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. இங்கே அவசரப்படாமல், அதே தரவை ஆண், பெண் என்று பிரித்து இரண்டு அட்டவணைகள் போடுங்கள். மூன்றாம் வகுப்பு ஆண்கள் 510 பேரில் 88 பேர் பிழைத்தார்கள், 17.3 சதவீதம், ஆண் ஊழியர்கள் 862 பேரில் 192 பேர், 22.3. மூன்றாம் வகுப்புப் பெண்கள் 196 பேரில் 90 பேர், 45.9, பெண் ஊழியர்கள் 23 பேரில் 20 பேர், 87.0. இரண்டு பக்கமும் ஊழியர்களே மேலே! சேர்த்தால் மட்டும் கீழே போகிறார்கள்.

முதல்தடவை இதைப் பார்த்தபோது எங்கோ கூட்டலில் கோட்டைவிட்டேன் என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் கூட்டினேன். தப்பு இல்லை. படகுகளில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை தந்தார்கள். ஊழியர்களிலோ பெண்கள் வெறும் 23 பேர். அதனால் ஆண்களின் குறைந்த பங்கு மொத்தத்தைக் கீழே இழுத்துவிட்டது. 1951-இல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் எழுதிய கட்டுரையை வைத்து இதைச் சிம்ப்சன் முரண் என்கிறார்கள். அவருக்கு முன்பே யூல் என்ற புள்ளியியலாளர் இதைக் கவனித்திருக்கிறார்.

ஆகவே இரண்டு நிரைப் பங்குகள் நெருக்கமாக வந்தால், அந்த இரண்டு குழுக்களும் எதில் வேறுபடுகின்றன என்று யோசித்து, அதை வைத்து அட்டவணையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிரித்த பிறகு ஒவ்வொரு மொத்தத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். 87 சதவீதம் என்று மட்டும் எழுதினால், அது வெறும் 23 பேரில் வந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது.