மாத விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: போர்ட்ஃபோலியோ தளத்துக்குப் பிளான் தேர்ந்தெடுக்கும் முறை

கோட் எழுதாமலே தளம் கட்டித் தரும் சேவையை வெப்சைட் பில்டர் என்பார்கள். எந்த வெப்சைட் பில்டரின் விலைப் பக்கத்தைத் திறந்தாலும் மூன்று நான்கு கட்டங்கள் வரிசையாக நிற்கும், அதில் நடுவில் உள்ள ஒன்றுக்கு மேல் 'பலரும் தேர்ந்தெடுப்பது' என்று ஒரு பட்டை இருக்கும், கீழே நீளமாக டிக் குறிகள். நீங்கள் புகைப்படக்காரரோ ஓவியரோ டிசைனரோ இசைக் கலைஞரோ, அந்த டிக் குறிகளை எண்ணிப் பிளானைத் தேர்ந்தெடுத்தால் தேவையில்லாததற்குப் பணம் கட்டுவீர்கள், தேவையானது கடைசியில் இல்லாமல் போகும். அந்தக் கட்டங்களைப் பிரித்தது விற்பவர். உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். இரண்டு வருடத்தில் மொத்தம் எவ்வளவு செலவாகும், வேண்டாம் என்று வெளியேறினால் கையில் என்ன மிஞ்சும், இந்த இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள்.

முதலில் விலைப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். உங்கள் தளம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். நிகழ்ச்சிப் படங்கள் எடுப்பவர் என்றால் வாடிக்கையாளர் மட்டும் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கும் கேலரி, அவர்கள் படங்களை டவுன்லோட் செய்யும் வசதி. ஓவியர் என்றால் வேலை கேட்டு எழுதும் படிவம், பிரிண்ட் விற்கும் வசதி. டிசைனருக்கு ஒவ்வொரு புராஜெக்டையும் விரிவாகச் சொல்லும் பக்கங்கள். பாட்டு போடுபவருக்கு ஆடியோ பிளேயர், மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் பெட்டி. எழுதி முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இது இல்லாவிட்டால் எனக்கு வேலை நிற்குமா' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். அந்த மூன்று நான்கும் எந்தப் பிளானில் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் பிளான். அதை விட விலை கூடிய கட்டங்களை அதன் பிறகு பார்க்கவே வேண்டாம்.

விலையைப் படிப்பது

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மாத விலை பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் விலை. உதாரணமாக, மாதம் 16 டாலர் என்று போட்டிருந்தால் முதல் நாளே 192 டாலர் எடுத்துக்கொள்வார்கள். அதே பிளானை மாதாமாதம் கட்டினால் 23 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதத்துக்கு 184 ஆகிறது, ஒன்பதாவது மாதத்தில் 207. ஆகவே, எட்டு மாதத்துக்குள் விட்டுவிடக் கூடிய தளம் என்றால், ஒரு கண்காட்சிக்காகவோ படிப்பு முடிக்கும் புராஜெக்டுக்காகவோ திறப்பது போல, மாதச் சந்தாதான் மலிவு. நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வருடச் சந்தா. பக்கத்தின் மேலே இருக்கும் மாதம்/வருடம் பொத்தானை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தள்ளுபடி. முதல் வருடத்துக்கு மட்டும் பாதி விலை என்று கொடுப்பவர்கள் இரண்டாம் வருடம் முழு விலையைத் தானாகவே எடுத்துக்கொள்வார்கள். டொமைனும் (உங்கள் பெயரில் இருக்கும் தள முகவரி) அப்படித்தான், வருடச் சந்தாவோடு முதல் வருடம் இலவசம் என்பார்கள், அடுத்த வருடத்திலிருந்து தனிக் கட்டணம். சொந்த டொமைனில் மின்னஞ்சல் வேண்டும் என்றால் அதற்கும் பெரும்பாலும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். விலைப் பக்கத்தில் வரி சேர்க்காமல் போட்டிருக்கலாம், வேறு நாட்டு நாணயத்தில் கட்டினால் உங்கள் வங்கி ஒரு மாற்றுக் கட்டணம் எடுக்கலாம். இவை எல்லாவற்றையும் கூட்டி இரண்டு வருடத்துக்கு ஒரே எண்ணாக எழுதுங்கள். ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் தள்ளுபடிகள் உண்மையை மறைத்துவிடும், அதனால்தான் இரண்டு வருடம் என்கிறேன். எச்டிடிபிஎஸ் பாதுகாப்புக்கு, அதாவது தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறைகுறியாக்கும் சான்றிதழுக்கு, யாராவது தனியாகக் காசு கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் பல வருடங்களாக அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகின்றன.

இலவசப் பிளான் போதுமா

பழகிப் பார்க்கப் போதும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் முகவரியாக வைக்கப் போதாது. விக்ஸ் என்ற பில்டரின் இலவசப் பிளானில் தளத்தின் மேல் அவர்கள் விளம்பரம் நிற்கும், முகவரியிலும் அவர்கள் பெயர் இருக்கும். வெப்ஃப்ளோ என்ற பில்டரிலும் இலவசமாகக் கட்டலாம், ஆனால் முகவரி அவர்களுடையதுதான், பக்கங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஒரே பக்கம் போதும் என்பவர்களுக்குக் கார்ட் (Carrd) என்ற பில்டர் நல்ல இடம். ஒரு கணக்கில் மூன்று தளங்கள் வரை இலவசம், கட்டணப் பிளான்களும் மாதக் கணக்கில் இல்லை, வருடத்துக்குத்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அங்கே மிக மலிவான கட்டணப் பிளானில் சொந்த டொமைனை இணைக்க முடியாது, அதற்கு அடுத்த படிக்குப் போக வேண்டும். மிக மலிவான பிளானில் முக்கியமான ஒன்றை விட்டுவைப்பது இந்தத் துறையில் பல இடங்களிலும் நடக்கிறது, அதனால்தான் முதலில் தாளில் எழுதச் சொன்னேன்.

ஏற்கனவே ஃபோட்டோஷாப்புக்கோ லைட்ரூமுக்கோ கிரியேட்டிவ் கிளவுட் சந்தா கட்டுகிறீர்களா? அப்படியானால் வேறு எதையும் வாங்கும் முன் அடோபி போர்ட்ஃபோலியோவைத் திறந்து பாருங்கள். பல கட்டணச் சந்தாக்களோடு அது கூடுதல் செலவில்லாமல் வருகிறது, ஐந்து தளங்கள் வரை கட்டலாம், சொந்த டொமைனையும் இணைக்கலாம். கடை வசதி எதிர்பார்க்காதீர்கள். படங்களை அழகாகக் காட்டினால் போதும் என்றால், தெரியாமலேயே நீங்கள் ஏற்கனவே பணம் கட்டிக்கொண்டிருக்கும் தளம் அது. மென்பொருள் சந்தாவை நிறுத்தினால் தளமும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விற்பனை செய்பவர்கள் இங்கே நிதானியுங்கள்

பிரிண்ட், பிரஷ் பேக், டெம்ப்ளேட், பாட்டு என்று எதையாவது தளத்திலிருந்தே விற்கப் போகிறீர்கள் என்றால் சந்தாவை விட முக்கியமான எண் கமிஷன். இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஒன்று பணம் வாங்கித் தரும் நிறுவனம் எடுப்பது. உதாரணமாக ஸ்டிரைப் அமெரிக்காவில் கிரெடிட், டெபிட் கார்டு வழி இணைய விற்பனைக்கு 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் எடுக்கிறது, மற்ற நாடுகளில் விகிதம் மாறும். இதைத் தவிர்க்க முடியாது. இரண்டாவது, தளத்தை நடத்தும் பில்டரே தனக்கென்று எடுப்பது, சில பிளான்களில் இருக்கும், மேல் பிளான்களில் இருக்காது. 'கமிஷன் 0' என்று விலைப் பக்கத்தில் போட்டிருந்தால் அது இந்த இரண்டாவது அடுக்கை மட்டுமே சொல்கிறது.

அந்த 30 சென்ட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 60 டாலர் பிரிண்ட் விற்றால் மொத்தம் 2.04 டாலர் போகும், அதாவது 3.4 சதவீதம், தாங்கலாம். 3 டாலருக்கு ஒரு வால்பேப்பர் விற்றால் கிட்டத்தட்ட 39 சென்ட் போய்விடும், அது 13 சதவீதம். சின்ன விலைப் பொருட்கள் விற்பவர்கள் நாலைந்தைச் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடுவது எந்தப் பிளானை மாற்றுவதையும் விட அதிகம் மிச்சம் பிடிக்கும்.

பில்டர் எடுக்கும் கமிஷனுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு பிளான்களுக்கும் இடையே உள்ள மாத வித்தியாசத்தைக் கமிஷன் விகிதத்தால் வகுங்கள். கீழ்ப் பிளானில் 3 சதவீதக் கமிஷன், மேல் பிளான் மாதம் 10 டாலர் அதிகம், ஆனால் கமிஷன் இல்லை என்றால், 10ஐ 0.03ஆல் வகுத்தால் 333. மாதம் 333 டாலருக்கு மேல் விற்றால் மேல் பிளான் லாபம், அதற்குக் கீழே என்றால் கீழ்ப் பிளானிலேயே இருங்கள். இங்கே சென்ற சில மாதங்களில் உண்மையில் விற்றதைப் போடுங்கள், விற்கும் என்று ஆசைப்படுவதைப் போடாதீர்கள். புகைப்படக்காரர்களுக்கான பிக்ஸிசெட் போன்ற இடங்களில் இலவசப் பிளானில் விற்றால் 15 சதவீதம் கமிஷன், கட்டணப் பிளானில் அது கிடையாது. அந்த அளவு கமிஷன் என்றால் மேலே ஏற வேண்டிய எல்லைக்கு மிகச் சீக்கிரம் வந்துவிடுவீர்கள்.

ஸ்டோரேஜ், பேண்ட்வித்

ஸ்டோரேஜ் என்பது படங்களை வைக்கும் இடம், பேண்ட்வித் என்பது பார்ப்பவர்களுக்குத் தளம் அனுப்பும் டேட்டாவின் அளவு. இதில் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். இணையத்துக்கென்று நீளப் பக்கம் 2,000 முதல் 2,500 பிக்ஸல் வரை வைத்துச் சேமித்த ஒரு ஜேபெக் படத்தைப் பெரும்பாலும் 500 கேபிக்குள் அடக்கலாம். அப்படி 300 படங்கள் வைத்தாலும் 150 எம்பிதான். ஒரு பக்கத்தில் 40 படங்கள், ஒவ்வொன்றும் 400 கேபி என்றால் ஒருவர் முழுவதும் பார்க்க 16 எம்பி, ஆயிரம் பேர் பார்த்தால் 16 ஜிபி. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பிளானின் வரம்போடு ஒப்பிடுங்கள். முழு அளவுப் படங்களை வாடிக்கையாளருக்குக் கொடுப்பவர்களுக்கும் வீடியோ கலைஞர்களுக்கும்தான் இது உண்மையான கவலை. வீடியோவுக்கு ஜிபி கணக்கு இல்லாமல் நிமிடக் கணக்கில் வரம்பு வைக்கும் இடங்களும் உண்டு, வேறு இடத்தில் ஏற்றி இங்கே இணைப்பது பெரும்பாலும் மலிவாக முடியும்.

வெளியேறும் வழி

விலைப் பக்கத்தில் எங்கும் இருக்காது, ஆனால் இதுவும் விலைதான். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. ஸ்குவேர்ஸ்பேஸ் என்ற பில்டரில் எக்ஸ்போர்ட் (தளத்தை ஃபைலாக வெளியே எடுக்கும் வசதி) உண்டு, ஆனால் எல்லாவகைப் பக்கங்களும் வராது, வடிவமைப்பும் கூடவே வராது. வெப்ஃப்ளோவில் உரிய கட்டணப் பிளான் இருந்தால் தளத்தின் கோட் ஃபைல்களை எடுக்கலாம், படிவங்கள் போன்றவை வெளியே வேலை செய்யாது. வேர்ட்பிரஸ் (நீங்களே ஒரு சர்வரில் நிறுவி நடத்தும் இலவச மென்பொருள்) இதில் எல்லாரையும் விடச் சுதந்திரம் தருவது, பராமரிக்கும் வேலை உங்கள் தலையில் கூடுதலாக விழும். எந்த இடமாக இருந்தாலும் மூலப் படங்களும் நீங்கள் எழுதிய விவரங்களும் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும், தளத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

டொமைன் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. அதைப் பில்டரிடம் வாங்காமல் தனியாக ஒரு ரெஜிஸ்டிராரிடம் (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனம்) உங்கள் பெயரில் வாங்குங்கள். இலவச முதல் வருடத்தை இழந்தாலும் பரவாயில்லை. தளம் நாளை எங்கே போனாலும் விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி மாறாது. ஏற்கனவே பில்டரிடம் வாங்கிவிட்டீர்கள் என்றால் பொதுவாக, பதிவு செய்து 60 நாட்கள் கழித்து வேறு ரெஜிஸ்டிராருக்கு மாற்றலாம், அதற்கான அங்கீகாரக் குறியீட்டைப் பில்டரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, இரண்டு இடங்கள் மட்டும் மிஞ்சும் வரை வடிகட்டிவிட்டு இரண்டிலும் சோதனைக் கணக்கு திறங்கள். ஸ்குவேர்ஸ்பேஸில் 14 நாள் இலவசச் சோதனை இருக்கிறது, விக்ஸில் புதிதாக வாங்கிய பிளானுக்கு 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நாட்களில் டெம்ப்ளேட்டில் வரும் அழகான மாதிரிப் படங்களை எடுத்துவிட்டு உங்களுடைய இருபது படங்களை எஸ்ஆர்ஜிபியில் (இணையத்தில் பொதுவாகப் பயன்படும் நிற அமைப்பு) சேமித்து ஏற்றுங்கள். மொபைல் டேட்டாவில் திறந்து, நிறம் கெடுகிறதா, சுருக்கியதில் விளிம்புகள் மங்குகின்றனவா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். படிவத்தை நிரப்பி உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள், ஸ்பாமில் விழுகிறதா என்று தெரியும். ஆதரவுக் குழுவுக்கு ஒரு கேள்வி எழுதி எத்தனை நேரத்தில் பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் சந்தாவை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள்.

இரண்டு பிளான்களுக்கு நடுவில் தயங்கினால் கீழ்ப் பிளானில் தொடங்குங்கள். மேலே ஏறுவது எந்த நாளிலும் சில நிமிட வேலை, வருடச் சந்தா கட்டிய பிறகு கீழே இறங்கினால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. கட்டிய அன்றே, புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகக் காலண்டரில் ஒரு நினைவூட்டல் வைத்து, அதில் முழு விலையையும் எழுதி வையுங்கள்.