உங்கள் தளம் எங்கே தாமதமாகிறது: உலாவியின் உள்ளே பார்க்கும் முறை

கோத்தகிரி, மஞ்சூர் பக்கங்களில் ஹோம்ஸ்டே நடத்துவோர் பலர், தங்கள் இணையதளம் திறக்கத் தாமதமானால் சிக்னலையே காரணமாகச் சொல்கிறார்கள். சிக்னல் ஒரு காரணம்தான். ஆனால் தளத்தை அமைத்த விதத்தால் வரும் தாமதம் நம்மால் சரிசெய்யக்கூடியது, அதைக் கண்டறிய உலாவியே போதும்.

மடிக்கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். நகரத்து ஃபைபர் இணைப்பில் சோதித்தால் குறை தெரியாது. குரோமில் இன்காக்னிட்டோ (முன்பு சேமித்த கோப்புகளைப் பயன்படுத்தாத) சாளரத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதிக்குச் சென்ற பிறகே முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். அப்போதுதான் முதன்முறை வரும் விருந்தினரின் காத்திருப்பு அப்படியே பதிவாகும்.

பட்டியலின் முதல் வரியைச் சொடுக்கி 'டைமிங்' பகுதியைப் பாருங்கள். டிஎன்எஸ் என்னும் இணையப் பெயரேடு வழியாகத் தளத்தின் ஐபி முகவரி (எண் முகவரி) கிடைத்ததும், தொடர்பை ஏற்படுத்தும் டிசிபி இணைப்புக்காக ஒருமுறையும், தகவலை மறையாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3க்காக இன்னொரு முறையும் (பழைய 1.2 என்றால் இருமுறை) தகவல் சர்வருக்கு (தளம் இருக்கும் கணினிக்கு) போய்த் திரும்புகிறது, அதன் பிறகே பக்கத்தைக் கேட்கும் கோரிக்கை புறப்படுகிறது. போய்த் திரும்ப 300 மில்லிநொடி ஆகும் இடத்தில், இந்த மூன்று பயணங்களால், பக்கத்தின் முதல் துளித் தகவல் வருவதற்குள் ஏறத்தாழ 900 மில்லிநொடி கழிந்துவிடும். எழுத்துரு ஓரிடம், வரைபடம் வேறிடம் என்று இழுத்தால், ஒவ்வொரு புதிய தளப்பெயருக்கும் இதே சுற்று மறுபடி நடக்கும். எனவே வெளித்தளங்களைக் குறைப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதிய எச்டிஎம்எல் கோப்பு வந்ததும் உலாவி அதைப் படித்து டாம் என்னும் மர அமைப்பை உருவாக்குகிறது. நிறம், அமைப்பு போன்ற தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு வந்து சேரும்வரை திரையில் எதையும் வரையாது. நடுவில் சாதாரண ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்) கோப்பு குறுக்கிட்டால், அது இறங்கி இயங்கி முடியும்வரை எச்டிஎம்எல்லைப் படிப்பதே நின்றுவிடும். அந்தக் கோப்பை அழைக்கும் வரியில் 'டிஃபர்' (defer) என்ற பண்பைச் சேர்த்தால் இந்த நிறுத்தம் இராது.

படங்கள் வரைதலைத் தடுப்பதில்லை, ஆனாலும் தொல்லை தருபவை. அகல உயரம் குறிப்பிடாத தேயிலைத் தோட்டப் படம் ஒன்று தாமதமாக வந்து இறங்கும்போது உலாவி பக்கத்தின் இடங்களை மறுபடி கணக்கிடுகிறது. விருந்தினர் அழுத்தப்போன 'அறை பதிவு' பொத்தான் விரலுக்கடியிலிருந்து கீழே நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அளவுகளை எழுதுங்கள். 400 பிக்சல் அகலத்தில் காட்டும் இடத்துக்கு 4000 பிக்சல் படத்தை ஏற்றாதீர்கள்.