பார்க்கிங்ல கார் லேசா இடிச்சிருச்சா? முதல் பத்து நிமிஷம் என்ன பண்ணணும்

ரிவர்ஸ் எடுக்கும்போது "டொக்"னு ஒரு சத்தம் கேட்டதும் கை காலெல்லாம் உதறும். அந்தப் பதட்டத்துல பிரேக்குனு நெனச்சு ஆக்சிலரேட்டர மிதிச்சு இன்னொரு தடவ இடிச்சவங்க உண்டு, அதனால முதல் வேலை, வண்டிய அப்படியே நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்க, நாலு இண்டிகேட்டரையும் எரிய விடுங்க, அப்புறமா எறங்குங்க. யாருக்காவது அடிபட்டிருந்தா மொதல்ல ஆம்புலன்ஸையும் போலீஸையும் கூப்பிடுங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

யாருக்கும் ஒண்ணும் ஆகல, வழியும் மறிக்கலைன்னா வண்டிய நகர்த்தாதீங்க, போட்டோ எடுங்க. எல்லாரும் கீறல மட்டும் பக்கத்துல போய் எடுக்கறாங்க, அது பத்தாது. மொதல்ல பத்தடி தள்ளி நின்னு ரெண்டு வண்டியும், தரையில இருக்கற பார்க்கிங் கோடும் சேர்ந்து தெரியற மாதிரி எடுங்க. முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு ஒண்ணு எடுங்க, யாரு திருப்பிட்டு வந்தாங்கன்னு கண்டுபிடிக்க அதுவும் உதவும். ரெண்டு நம்பர் பிளேட்டும் எடுத்துட்டு கடைசியா கீறலுக்கு வாங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் இல்ல சாவிய வெச்சு எடுத்தா அளவு தெரியும். அவங்க பெயிண்ட் உங்க வண்டியில ஒட்டியிருந்தா தொடைக்காதீங்க, அதுவும் ஆதாரம்தான். டேஷ்கேம் இருந்தா அந்த வீடியோவ உடனே சேவ் பண்ணுங்க, இல்லன்னா புதுசு பதிவாகப் பதிவாக பழசு அழிஞ்சிரும், அங்க இருக்கற சிசிடிவியும் அப்படித்தான், அன்னிக்கே கேட்டுடுங்க.

அடுத்து பேர், போன் நம்பர், இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசி நம்பர் மாத்திக்கணும். நம்பர் வாங்கினதும் அங்கயே ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாருங்க. பொறுமையா பேசுங்க, ஆனா பதட்டத்துல எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போட்டுடாதீங்க.

எதிர் வண்டியில ஆளே இல்லையா? தயவுசெஞ்சு கெளம்பிப் போயிடாதீங்க. செக்யூரிட்டிகிட்ட வண்டி நம்பர சொல்லி ஓனர தேடச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் காத்திருங்க, வரலைன்னா பேரும் நம்பரும் நடந்ததும் எழுதி, மழையில நனையாம ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைப்பருக்கு அடியில சொருகுங்க, அதையும் ஒரு போட்டோ. பல இடங்கள்ல சொல்லாம போறது சட்டப்படியே குத்தம்.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ற விஷயம், அங்கயே பணம் பேசி முடிச்சுக்காதீங்க. என் வண்டியில ஒருத்தர் இடிச்சப்ப பின் பம்பர்ல விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான்னு நெனச்சு பரவாயில்லைங்கன்னு அனுப்பிட்டேன். மறுநாள்லேர்ந்து பார்க்கிங் சென்சார் பின்னாடி எதுவுமே இல்லாதப்பவும் கத்திட்டே இருந்துச்சு, மெக்கானிக் பம்பர கழட்டிக் காட்டினாரு, சென்சார பிடிச்சிருக்கற கிளிப் ஒடஞ்சு தொங்குது. வெளிய தெரியற பம்பர் வெறும் பிளாஸ்டிக், அமுங்கிட்டு பழையபடி நிமிந்துக்கும், உள்ள இருக்கற ஃபோம், அதுக்குப் பின்னாடி இரும்பு பார், சென்சார் எல்லாம் அப்படி நிமிரும்னு சொல்ல முடியாது. அதனால டிக்கி சரியா மூடுதா, ரெண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கா, லைட் எரியுதா, அடியில எதாவது ஒழுகுதான்னு பாருங்க, சந்தேகம்னா ஒர்க்‌ஷாப்ல காட்டிட்டு அப்புறம் தொகை பேசுங்க.

இன்சூரன்ஸ்காரங்களுக்கு அன்னிக்கே சொல்லிடுங்க. நீங்க க்ளெய்ம் பண்ணாட்டியும் எதிராளி நாளைக்குப் பண்ணலாம், பல பாலிசில எந்த ஆக்சிடெண்டையும் தெரியப்படுத்தணும்னே இருக்கும். க்ளெய்ம் பண்ணலாமாங்கறது வேற கணக்கு, ரிப்பேர் செலவ ஒரு பக்கம் எழுதுங்க, கைக்காசா கட்ட வேண்டிய தொகையையும் போகப்போற நோ க்ளெய்ம் போனஸையும் (க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) கூட்டி இன்னொரு பக்கம் எழுதுங்க, ரிப்பேர் செலவு கம்மின்னா க்ளெய்ம் பண்ணாம நீங்களே கட்டிடறது லாபம்.