கறுப்பில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறதா? காயை மாற்றுங்கள்

போன வருஷம் மன்னார்குடியில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் டோர்னமென்டில் எனக்குக் கறுப்பு. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும், யானைக்கு யானை வெட்டி மாற்றிக்கொள்ளப் பயந்து பயந்து கடைசியில் ஏழாவது படிக்கிற பையனிடம் டிராவுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தேன். வழியில்தான் பூவனூர், சிவபெருமான் சதுரங்கம் ஆடி ஜெயித்ததாகச் சொல்லும் கோயில். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூச்சம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது, யோசிக்க நேரம் தாராளம்.

சரி, பலகையை எடுங்கள். வலது கை ஓரக் கட்டம் வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளையின் இடது ஓரத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ முதல் ஹெச், வெள்ளையின் பக்கத்திலிருந்து குறுக்கு வரிசைகள் 1 முதல் 8, இரண்டும் சேர்ந்ததுதான் கட்டத்தின் பெயர்.

முதல் வேலை, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தை இணையத்தில் எடுத்து, 54 நகர்வு வரை மளமளவென்று நகர்த்துங்கள். புரியாவிட்டால் விடுங்கள். குகேஷ் கறுப்பு, சீனாவின் டிங் லிரென் வெள்ளை, அதுவரை ஆளுக்கு 6.5 புள்ளி.

இங்கே நிறுத்திக் காயை எண்ணுங்கள். இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி (சாய்வாகப் போகும் பிஷப்). கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் வெட்டினார், வெள்ளை ராஜா திருப்பி வெட்டியது. அப்புறம் கறுப்பு மந்திரி டி5-க்கு வந்து நின்றது பாருங்கள், அதுதான் விஷயம். வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் முடங்கிக் கிடக்கிறது, அதற்கு இருப்பதே ஒரு சாய்வுப் பாதை, அதிலேயே இது குறுக்கே நிற்கிறது. மாற்றாமல் தப்ப வழியில்லை. 58-வது நகர்வில் கறுப்பு ராஜா இ5, வெள்ளை ராஜா இ3, நேருக்கு நேர், நகர வேண்டியது வெள்ளை. டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்த 'நேருக்கு நேர்' ஏன் அவ்வளவு பெரிது என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மற்ற காய்களை எடுத்துவிட்டு, கறுப்பு ராஜா இ5, கறுப்புச் சிப்பாய் இ6, வெள்ளை ராஜா இ3 என்று வையுங்கள். வெள்ளை நகரட்டும். அது டி3 போனால் நீங்கள் எஃப்4, எஃப்3 போனால் டி4. இ2-க்குப் பின்வாங்கினால் இ4-க்கு ஏறி மறுபடி எதிரே நில்லுங்கள். சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள், ராஜாதான் முன்னே போய், சிப்பாய் கடைசி வரிசை சேர்ந்து ராணியாக வழி திறக்க வேண்டும்.

வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பத்து தடவை ஆடுங்கள். அப்புறம் இதே நிலையில் கறுப்பு முதலில் நகர்வதாக வைத்து ஆடிப் பாருங்கள், வெள்ளை சரியாக ஆடினால் டிராதான். ஆகவே, மாற்றுவதற்கு முன்னால் அதன் பிறகு ராஜாக்கள் நேருக்கு நேர் வரும்போது நகரும் முறை யாருடையது என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.