பர்ப்பிள் மார்ட்டின் வளர்ப்போர் கவனத்துக்கு

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பர்ப்பிள் மார்ட்டின் எனும் தகைவிலான் இனப் பறவைகள் ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் உயரத்தில் அமைக்கும் கூண்டுகளையே (கூடு கட்டுவதற்கான பெட்டிகளையே) நம்பிக் குஞ்சு பொரிக்கின்றன. கொல்லையில் கூண்டு வைத்திருப்போர் வாரம் ஒருமுறை அதைக் கீழிறக்கிப் பார்ப்பது நல்லதுதான் என்றாலும், குஞ்சுகளுக்கு 22 நாள் ஆனபின் கதவைத் திறக்கவே கூடாது. மிரண்ட குஞ்சு, பறக்கும் வலு வருமுன்பே வெளியே குதித்துவிடும். சுமார் 28 நாளில் அவை தாமாகவே பறந்துவிடும்.

பிறகு தென் அமெரிக்காவுக்குக் கிளம்புமுன் பறவைகள் பெருங்கூட்டமாக ஓரிடத்தில் அடைகின்றன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பான்சட்ரேன் ஏரிப் பாலத்தின் தென்முனை அத்தகைய இடம். ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் மறைய அரை மணி முன்பே அங்கு சென்றுவிடுங்கள். உயரே கரும்புள்ளிகளாகச் சுழல்பவை, இருட்டும் வேளையில் தாழ்ந்து வந்து பாலத்தடியில் சரசரவென நுழையும். அவ்வாறு தாழப் பறந்தவை வண்டிகளில் அடிபட்டதால்தான் பாலத்தோரம் வேலி அமைத்திருக்கிறார்கள்.