விமானி வேலை போனதும் நான் செய்தவை

2020-ல் கொரோனா விமானங்களைத் தரையில் உட்காரவைத்தபோது, அமீரகத்தில் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் வேலை போனது. அங்கே குடும்பத்தின் விசாவே என் வேலையோடு கட்டிப்போட்டது, அதனால் அழுவதற்குக்கூட அவகாசமில்லை.

கம்பெனி லாகின் அணைவதற்குள் பறந்த நேரக் கணக்கு, சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) தேர்வு முடிவுகள் எல்லாவற்றையும் இறக்கி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். உருப்படியாகச் செய்தது இதைத்தான் என்பேன். பின்னால் இன்டர்வியூவுக்குப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கடன் பாக்கி இருந்தால் கிராஜுட்டி (பணிக்கொடை) பணம் வந்ததும் வங்கி கணக்கை முடக்கிவிடும் வாய்ப்பு உண்டு. நேரில் போய்ப் பேசித் தவணையை மாற்றினேன்.

அப்புறம் ஊருக்கு வந்தோம். பறக்காத விமானியின் லைசன்ஸ் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும். பயணிகளோடு பறக்க 90 நாளுக்குள் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கான சிமுலேட்டர் வாடகை கொள்ளை விலைதான், ஆனாலும் காரை விற்றுக் கட்டினேன் (மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்). மெடிக்கல் எனும் உடல்தகுதிச் சான்றிதழையும் காலாவதியாக விடவில்லை. இடையில் பயிற்சி மாணவர்களுக்கு வானிலைப் பாடம் எடுத்தேன். சரக்கு விமானங்களுக்கு அப்போதும் ஆள் தேவைப்பட்டது, கடைசியில் அங்கேதான் இடம் கிடைத்தது, ராத்திரி வேலை, சம்பளமும் குறைவு.